செக்மென்ட்: 580 வரி நிரலுக்கு வந்த கிராக்கி

2020 அக்டோபரில் ட்விலியோ என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம், இணையதளப் பயனர்களைப் பற்றிய தரவைச் சேகரித்துப் பல கருவிகளுக்கு அனுப்பித் தரும் செக்மென்ட் என்ற கம்பெனியை 320 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பணமாக அல்ல, முழுக்கப் பங்குகளாக. அந்தத் தொகையை வைத்துப் பின்னோக்கிப் பார்த்தால் ஆரம்பத்திலிருந்தே இவர்களுக்கு ஒரு தெளிவு இருந்திருக்கும் என்றுதான் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. முதல் ஒன்றரை வருடத்தில் இரண்டு தயாரிப்புகள் செய்தார்கள், இரண்டும் தேறவில்லை. மூன்றாவதாக வந்ததை, நிறுவனர்களில் ஒருவரே 'இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது' என்ற ரீதியில் எதிர்த்தார். அதுதான் ஓடியது.

ஸ்டார்ட்அப் ஆட்கள் பிராடக்ட் மார்க்கெட் ஃபிட், அதாவது செய்த பொருள் சந்தையின் தேவையோடு பொருந்திப்போவது, என்று சொல்லும்போது பெரும்பாலும் கதையின் கடைசிப் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். செக்மென்ட் விஷயத்தில் அந்த நிறுவனர்களே, முக்கியமாக பீட்டர் ரெயின்ஹார்ட், தோற்ற பகுதியையும் பல மேடைகளில் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேஸை எடுத்தேன். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: ஜனங்கள் 'நல்லா இருக்கு' என்று சொல்வதற்கும், 'எப்போ தருவீர்கள்' என்று தேடிக்கொண்டு வருவதற்கும் நடுவில் இருக்கும் தூரம்.

பேராசிரியர்களுக்குப் பிடித்திருந்தது

2011. நான்கு பேர். ரெயின்ஹார்ட், இல்யா வோலோடார்ஸ்கி, கால்வின் ஃபிரெஞ்ச்-ஓவன் மூவரும் எம்.ஐ.டி. மாணவர்கள், இயன் ஸ்டார்ம் டெய்லர் டிசைன் படித்தவர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, புதிய ஸ்டார்ட்அப்களுக்குப் பணமும் வழிகாட்டலும் தரும் ஒய் காம்பினேட்டரின் கோடைக்காலப் பயிற்சிக்குப் போனார்கள். யோசனை என்னவென்றால், கல்லூரி வகுப்பில் மாணவனின் லேப்டாப்பில் ஒரு பொத்தான். பாடம் புரியவில்லை என்றால் அமுக்கலாம். எத்தனை பேருக்குப் புரியவில்லை, எந்த இடத்தில் புரியவில்லை என்று பேராசிரியர் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கிளாஸ்மெட்ரிக் என்று பெயர்.

கேட்கும்போதே நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது. பேராசிரியர்களிடம் பேசினார்கள், அவர்களும் நல்ல யோசனை என்றார்கள். ஒய் காம்பினேட்டரில் முதலீட்டாளர்கள் முன்னால் தயாரிப்பைக் காட்டும் டெமோ தினத்துக்குப் பிறகு முதலீடும் கிடைத்தது, சுமார் 6 லட்சம் டாலர். கல்லூரி திறந்ததும் பாஸ்டனுக்குப் போய் நிஜ வகுப்பில் இறக்கினார்கள்.

வகுப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்தால் எல்லா லேப்டாப் திரைகளும் தெரியும். அப்படி நின்று பார்த்தபோது வகுப்பு தொடங்கும்போதே பெரும்பாலான திரைகளில் ஃபேஸ்புக். வகுப்பு முடியும்போது இன்னும் அதிகம். லேப்டாப்பைத் திறந்து வைக்கப் பேராசிரியரே அனுமதி கொடுத்துவிட்டால் வேறென்ன நடக்கும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். பேராசிரியர்கள் பொய் சொல்லவில்லை. மாணவர்களுக்குப் புரிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உண்மையிலேயே ஆசை. ஆனால் பொத்தானை அமுக்க வேண்டியவன் மாணவன். அவனுக்கு அதில் என்ன லாபம் என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் பள்ளிகளுக்கென்று செயலி செய்பவர்களிடமும் இதே கோளாறைப் பார்க்கலாம்: பள்ளி நிர்வாகி தலையாட்டுவார், கையெழுத்தும் போடுவார், தினமும் அதில் வருகைப் பதிவு போட வேண்டிய ஆசிரியரிடம் மட்டும் கடைசிவரை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர் என்று இருக்கும் எந்தத் தயாரிப்பிலும் பாராட்டு தவறான வாயிலிருந்து வந்துவிடும்.

சரி, முதலீட்டாளர்களைக் கூப்பிட்டு இது வேலைக்கு ஆகவில்லை என்று நேராகச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வேறு ஏதாவது செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டத்தில் முதலீட்டாளர்கள் பணம் போடுவது ஆட்களை நம்பித்தான், அதனால் இது அப்படியொன்றும் அதிசயம் இல்லை.

ஒரு வருடம் அறைக்குள்

இரண்டாவது தயாரிப்பு, இணையதளங்களுக்கான பகுப்பாய்வுக் கருவி. கூகுள் அனலிட்டிக்ஸ், மிக்ஸ்பேனல், கிஸ்மெட்ரிக்ஸ் இவற்றோடு நேரடிப் போட்டி. பயனர்களைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்துப் பார்க்க உதவும் என்பதுதான் இவர்களுடைய தனிச்சரக்கு. செக்மென்ட் என்ற பெயரே அந்தப் பிரிப்பிலிருந்து வந்ததுதான். பின்னால் தயாரிப்பு மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கிட்டத்தட்ட ஒரு வருடம் இதைக் கட்டினார்கள். திறமையான நிரலாளர்கள் கையில் ஒரு வருடமும் வங்கியில் பணமும் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது: வரைபடங்கள், வடிகட்டிகள், வேகம் என்று நிறைய கட்டினார்கள், வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொள்ளும்படி யாரும் வரவில்லை. கூகுள் இலவசமாகக் கொடுக்கும் ஒன்றை விட்டுவிட்டு இதற்கு மாற ஒருவருக்குக் காரணம் வேண்டுமல்லவா? கொஞ்சம் கூடுதல் வசதி அதற்குப் போதாது. அதுவும் பகுப்பாய்வுக் கருவியை மாற்றுவது என்றால் பழைய தரவு எல்லாம் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று ஆகிவிடும், யாரும் லேசில் செய்ய மாட்டார்கள்.

2012 கடைசியில் நிலைமை இது: ஏறக்குறைய 5 லட்சம் டாலர் கரைந்துவிட்டது, கையில் காட்ட ஒன்றுமில்லை. ஒய் காம்பினேட்டரின் நிறுவனர்களில் ஒருவரான பால் கிரகாமைப் போய்ப் பார்த்தபோது அவரும் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டியதாக ரெயின்ஹார்ட் சொல்லியிருக்கிறார். கேட்கக் கசப்பாகத்தான் இருந்திருக்கும், ஆனால் கணக்கு அதுதான்.

மூலையில் கிடந்த லைப்ரரி

இந்த இரண்டாவது தயாரிப்புக்குள் ஒரு சின்னத் துண்டு இருந்தது, ஒரு லைப்ரரி, அதாவது மற்ற நிரலாளர்கள் தங்கள் நிரலில் சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய தயார் நிரல். அனலிட்டிக்ஸ் ஜேஎஸ் என்று பெயர், சுமார் 580 வரி ஜாவாஸ்கிரிப்ட். அது ஏன் வந்தது என்பதுதான் கதையின் சுவாரசியமான பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு இணையதளத்தில் யாரோ ஒருவர் 'வாங்கு' பொத்தானை அமுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தகவல் பகுப்பாய்வுக் கருவிக்குப் போக வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸுக்கு அனுப்ப ஒரு மாதிரி எழுத வேண்டும், மிக்ஸ்பேனலுக்கு வேறு மாதிரி, கிஸ்மெட்ரிக்ஸுக்கு இன்னொரு மாதிரி. பயனர் யார் என்று அடையாளம் சொல்லும் முறையும் ஒவ்வொன்றிலும் வேறு. மூன்று கருவி வைத்திருக்கும் கம்பெனியில் ஒரே பொத்தானுக்கு மூன்று முறை எழுத வேண்டும், பொத்தான் பெயரை மாற்றினால் மூன்று இடத்தில் திருத்த வேண்டும். இதில் கஷ்டமான நிரல் எதுவும் இல்லை. எரிச்சலான வேலை, அவ்வளவுதான்.

தங்கள் கருவியை மற்றவர்கள் எளிதாகப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதற்காக இவர்கள் இந்த லைப்ரரியை எழுதினார்கள். டிராக் என்ற கட்டளையை ஒரே ஒரு முறை எழுதினால் போதும், அது கூகுளுக்கும் போகும், மிக்ஸ்பேனலுக்கும் போகும், கூடவே செக்மென்டுக்கும் வரும். சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருக்கும் வீட்டில் நாம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டுவதில்லையா, அந்த மாதிரி. இதைக் காட்டித் தங்கள் சொந்தக் கருவிக்குள் ஆட்களை இழுத்துவிடலாம் என்பது திட்டம்.

நடந்தது வேறு. ஆட்கள் லைப்ரரியை எடுத்துக்கொண்டார்கள், கருவியைத் தொடவில்லை. நிரலாளர்கள் நிரலைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்த மூலமாகப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, விளம்பரம் எதுவும் இல்லாமலே யாரோ சிலர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

இயன் ஸ்டார்ம் டெய்லர் இதில் ஏதோ இருக்கிறது என்றார். இதையே தனித் தயாரிப்பாக ஆக்கலாம் என்பது அவர் வாதம். ரெயின்ஹார்ட் கடுமையாக எதிர்த்தார், அவர் எதிர்த்ததில் நியாயமும் இருந்தது. 580 வரி. எந்த நிரலாளரும் ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதிவிடலாம். ஏற்கெனவே இலவசமாக வெளியே இருக்கிறது. இதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்றால், எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர் கணக்குப் போட்டார். எழுதாமல் இருப்பதால் வாங்குபவருக்கு எவ்வளவு இழப்பு என்று போடவில்லை. மார்க்கெட்டிங் ஆள் ஒரு புதிய கருவியை முயன்று பார்க்க ஆசைப்படுகிறார். அதைப் பொருத்தித் தர நிரலாளர் வேண்டும். நிரலாளரின் வரிசையில் இது கடைசி வேலை, ஏனென்றால் அவருக்கு இதில் புகழும் இல்லை, சுவாரசியமும் இல்லை. வாரங்கள் ஓடும். கடைசியில் பொருத்தினாலும் பாதி தரவு தப்பாக வரும். கம்பெனிக்குள் இரண்டு குழுக்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சண்டைதான் உண்மையான வலி, அதை 580 வரி தீர்த்துவைத்தது. நிரலாளர் ஒரு தடவை பொருத்திவிட்டுப் போய்விடலாம். அப்புறம் மார்க்கெட்டிங் ஆள் தனக்கு வேண்டிய கருவியைத் தானே ஒரு சுவிட்சைத் தட்டி இயக்கிக்கொள்ளலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

கொல்வதற்காக ஒரு சோதனை

வாக்குவாதம் முடியவில்லை. ரெயின்ஹார்டுக்கு ஒரு வழி தோன்றியது: இந்த யோசனையைச் சீக்கிரமாகச் சாகடிக்க என்ன செய்யலாம்? ஒரு பக்கம் மட்டும் தயார் செய்வோம். லைப்ரரி என்ன செய்யும் என்று சொல்வோம். இதையே நாங்கள் சேவையாக நடத்தித் தந்தால் வேண்டுமா என்று கேட்டு மின்னஞ்சல் முகவரி வாங்குவோம். நிரலாளர்களும் ஸ்டார்ட்அப் ஆட்களும் புழங்கும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் போடுவோம். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், விஷயம் முடிந்தது.

2012 டிசம்பரில் போட்டார்கள். ஹேக்கர் நியூஸின் முதல் பக்கத்தின் உச்சிக்குப் போனது. கிட்ஹப்பில் பிடித்திருக்கிறது என்று காட்டும் நட்சத்திரங்கள் குவிந்தன. மின்னஞ்சல் முகவரிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. சிலர் அதோடு நிற்கவில்லை, லிங்க்ட்இனில் தேடிப்பிடித்து 'எங்களுக்கு எப்போது திறந்துவிடுவீர்கள்' என்று கேட்டார்கள்.

மற்ற எல்லா எண்களையும் விட இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஹேக்கர் நியூஸில் உச்சிக்குப் போய் அடுத்த வாரமே செத்துப்போன தயாரிப்புகள் ஏராளம். நட்சத்திரம் போடுவதற்குக் காசா, பணமா. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், இன்னும் உருவாகாத ஒன்றுக்காக, நிறுவனரின் பெயரைக் கண்டுபிடித்து, செய்தி எழுதிக் கேட்கிறார் என்றால் அவருக்கு அந்த வேலை தலைவலியாக இருக்கிறது என்று அர்த்தம். கிளாஸ்மெட்ரிக் காலத்தில் ஒரு பேராசிரியர்கூட அப்படிச் செய்யவில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் இரண்டு தயாரிப்புகளையும் சரியென்று நிரூபிப்பதற்காகக் கட்டினார்கள், அதனால் மாதக்கணக்கில் போனது. மூன்றாவதைத் தப்பென்று நிரூபிக்கக் கிளம்பினார்கள், நாட்களில் பதில் கிடைத்தது. யோசனையின் மேல் ஆசை வைத்திருப்பவர் இப்படி ஒரு கூர்மையான சோதனையை ஒருநாளும் வடிவமைத்திருக்க மாட்டார். ரெயின்ஹார்டின் வெறுப்பு இங்கே கம்பெனிக்கு உதவியது என்றே சொல்லலாம்.

விலை என்கிற தனி வழக்கு

பயனர்கள் வந்துவிட்டார்கள். வருமானம்? ஆரம்பத்தில் மாதம் 10 டாலர் மாதிரி விலை வைத்தார்கள், வருடத்துக்கு 120. நிரலாளர்கள் நிரலாளர்களுக்கு விற்கும்போது இப்படித்தான் ஆகும். 'இதை நானே எழுதியிருப்பேன், எனக்கு நானே எவ்வளவு கொடுப்பேன்' என்று மனதில் ஓடும்.

விற்பனையில் பழுத்த ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய வாடிக்கையாளரைச் சந்திக்கக் கிளம்பும்போது அவர், வருடத்துக்கு 1,20,000 டாலர் கேள், கேட்கவில்லை என்றால் நான் விலகிவிடுகிறேன் என்று மிரட்டாத குறையாகச் சொன்னாராம். ரெயின்ஹார்டுக்கு முகமெல்லாம் சிவந்துபோனது, ஆனாலும் கேட்டார். எதிரில் இருந்தவர் சிரிக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை, பேரம் பேசினார். கடைசியில் 18,000 டாலரில் முடிந்தது. பழைய விலையைப் போல 150 மடங்கு.

பேரத்தில் 85 சதவீதம் குறைத்துவிட்டாரே என்று பார்ப்பதா, 150 மடங்கு கிடைத்ததே என்று பார்ப்பதா என்பது அவரவர் பார்வை. நான் கவனித்தது வேறு. கிராக்கி இருக்கிறது என்பதைக் காட்டும் அறிகுறிகள் எதுவும், நட்சத்திரமோ மின்னஞ்சலோ, விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத் தனியாக, கூச்சப்பட்டுக்கொண்டே, ஒரு அறையில் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம்மூர் மென்பொருள் குழுக்களில் பொருளை நன்றாகச் செய்துவிட்டு விலையில் ஏமாறுபவர்கள் நிறைய. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் உள்ளூர்ச் சம்பளத்தை மனதில் வைத்து விலை சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.

40 சதவீதக் கேள்வி இங்கே உதவியிருக்குமா

பிராடக்ட் மார்க்கெட் ஃபிட்டை அளக்கிறேன் என்று கிளம்பும் எல்லோரும் ஸ்டார்ட்அப் மார்க்கெட்டிங் ஆள் ஷான் எல்லிஸின் கேள்வியில் வந்து நிற்பார்கள்: 'நாளை முதல் இதைப் பயன்படுத்த முடியாது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?' மிகவும் ஏமாற்றமாக இருக்கும் என்று 40 சதவீதத்துக்கு மேல் சொன்னால் நல்ல அறிகுறி. சூப்பர்ஹ்யூமன் என்ற மின்னஞ்சல் செயலியின் ராகுல் வோரா இதை ஒரு முறையாகவே ஆக்கிக் காட்டினார். 2017-ல் அவருக்கு முதலில் கிடைத்தது 22 சதவீதம். மிகவும் ஏமாற்றமடைவோம் என்றவர்கள் எந்த மாதிரி ஆட்கள் என்று பார்த்து, அவர்களுக்காக மட்டும் தயாரிப்பைச் செதுக்கி, சில காலாண்டுகளில் 58-க்கு ஏற்றினார். கெட்டிக்கார வேலை, சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கப் பயனர்கள் வேண்டும். கிளாஸ்மெட்ரிக் காலத்தில் செக்மென்டுக்கு இருந்தவர்கள் ஃபேஸ்புக் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள். இரண்டாவது தயாரிப்புக்கு ஆளே இல்லை. லைப்ரரிக்கு இருந்தவர்கள் யார் என்றே தெரியாது, கிட்ஹப்பிலிருந்து இறக்கிக்கொண்டு போனவர்கள். எண்ணால் அளக்கும் முறை, ஓரளவு ஓடத் தொடங்கிய வண்டியைச் சரிசெய்ய உதவும். அதற்கு முந்தைய கட்டத்தில் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும், வகுப்பின் பின்வரிசையில் போய் நின்றமாதிரி. என்னைக் கேட்டால் பத்துப் பேர்கூடப் பயன்படுத்தாத பொருளுக்குக் கருத்துக்கணிப்பு நடத்துவது வீண்வேலை.

கிராக்கியை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பொருளைச் செய்தவர்களும் உண்டு. சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் அப்படித்தான். 2010-ல் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் விலையை ஏற்றியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்ததைப் பற்றி, பின்னால் ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் ஹேக்கர் நியூஸில் படித்தார். வாடிக்கையாளர் சேவைக்கு நல்ல மென்பொருள் வந்தால் வாங்க ஆள் இருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்தது. அப்போது ஜோஹோவில் இருந்தவர், அந்த வகை மென்பொருளைச் செய்து பழகியவரும்கூட. செக்மென்டுக்குக் கிராக்கி காட்டிய அதே தளம்தான், ஆனால் வரிசை தலைகீழ். அங்கே பொருள் முதலில் கிடந்தது, கிராக்கி பிறகு தெரிந்தது. இங்கே கோபப்பட்ட வாடிக்கையாளர்கள் முதலில் தெரிந்தார்கள். இரண்டாவது வழி செலவு குறைந்தது, ஆனால் அந்தத் துறையிலேயே புழங்கியவர் கண்ணுக்குத்தான் அது படும். இருபது வயது மாணவர்கள் நால்வருக்கு எந்தத் துறையும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே இடம் வகுப்பறை, அதனால் அங்கேயே தொடங்கினார்கள்.

அதன் பிறகு

லைப்ரரி தளத்தின் முன்பக்கத்தில் மட்டும் வேலை செய்தது போதாது, சர்வரிலிருந்தும் தரவு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள், செய்தார்கள். கைபேசிச் செயலிகளுக்குக் கேட்டார்கள், செய்தார்கள். தரவை எங்கள் சொந்தக் கிடங்குக்கே கொண்டுவந்து கொட்டுங்கள் என்று கேட்டார்கள், அதையும் செய்தார்கள். இந்தக் காலகட்டத்தில் பெரிய திருப்பம் எதுவும் இல்லை. அடுத்து என்ன கட்டுவது என்று அறைக்குள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நிலைமை போய்விட்டது, வந்து கேட்பவர்களில் யாருக்கு முதலில் செய்வது என்பதே பிரச்சினையாக இருந்தது.

விற்ற பிறகு கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. ட்விலியோ 2023 கணக்கில் செக்மென்டின் மதிப்பில் ஒரு பெரிய தொகையைக் குறைத்து எழுதியது. முதலீட்டாளர்கள் இதை விற்றுவிடச் சொல்லி நெருக்கினார்கள். 2024 மார்ச்சில் ஆய்வு செய்து, வைத்துக்கொள்வதாக ட்விலியோ முடிவெடுத்தது. இடையில் சந்தையே நகர்ந்திருந்தது. கம்பெனிகள் எல்லாத் தரவையும் ஸ்னோஃப்ளேக் மாதிரிக் கிடங்குகளில் சேர்த்துவைத்து, அங்கிருந்தே மற்றக் கருவிகளுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. பொத்தானை அமுக்கிய இடத்திலேயே நின்று தரவைப் பிரித்துக் கொடுக்கும் ஆள் முன்பு அளவுக்குத் தேவைப்படவில்லை. மார்க்கெட்டிங் ஆளுக்கும் நிரலாளருக்கும் நடுவில் இருந்த பழைய சண்டை இப்போது மார்க்கெட்டிங் ஆளுக்கும் தரவுக் குழுவுக்கும் நடுவில் நடக்கிறது. அதைத் தீர்க்கிறோம் என்று வேறு சில ஸ்டார்ட்அப்கள் வந்து, செக்மென்டின் வாடிக்கையாளர்களிடமே போய் நிற்கின்றன.